ஆணியிலும் போல்ட்டிலும் தோல் அச்சு: வீட்டிலேயே செய்யும் முறை

பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து வார் ஆகியவற்றில் வேலைப்பாடு பதிக்கும் அச்சுக்கு உயர்ந்த எஃகு தேவையில்லை. ஈரப்படுத்திய தோலில் விரல் நகம்கூடத் தடம் பதித்துவிடும். உலை வேண்டாம், லேத் வேண்டாம், எஃகைக் கெட்டிப்படுத்தும் வித்தையும் வேண்டாம். ஒரு வைஸ், நாலைந்து அரம், உப்புத்தாள் இருந்தால் ஓர் ஆறங்குல ஆணி ஒரே மாலையில் அச்சாகிவிடும். ஆனால் வடிவத்தை அராவியதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டால் முதல் அடியிலேயே தோல் கிழியும். அச்சு தோலை அமுக்க வேண்டும், வெட்டக் கூடாது. ஆகவே அராவ ஆன நேரத்தில் பாதியையாவது விளிம்பை மழுக்கவும் பளபளப்பேற்றவும் ஒதுக்குங்கள். கீழே வரும் அளவுகள், கோணங்கள் எல்லாம் இதற்காகத்தான்.

மும்பையில் சாமான் சேர்ப்பது பெரிய பாடல்ல. தோலுக்குத் தாராவி. போல்ட், அரம், டிரில் பிட்டுக்கு மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி ஸ்ட்ரீட். பழைய ரேடியோ ஏரியல், பித்தளைக் குழாய்த் துண்டு மாதிரியான பழைய சாமானுக்கு சோர் பஜார்.

தோல் சரியாக இருந்தால்தான் அச்சு சரியாகத் தெரியும்

கடைகளில் அதிகம் கிடைப்பது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. பைக்கும் ஜாக்கெட்டுக்கும் நல்ல தோல்தான், அச்சுக்கு ஆகாது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பள்ளம் மெல்ல எழும்பி வந்துவிடும். கேட்டு வாங்க வேண்டியது வெஜ் டேன், அதாவது வாட்டில் பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல். ஒரு காலத்தில் நம் ஊர்ப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் இந்த வகைதான்.

கடைக்காரர் வாய்வார்த்தையை மட்டும் நம்பாமல் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் நிறம் மாற வேண்டும். பிறகு நகத்தால் அழுத்தினால் கோடு நிற்க வேண்டும். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் மேலே ஃபினிஷ் பூசியிருக்கிறது என்று அர்த்தம், வேண்டாம். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். வெஜ் டேன் சட்டென்று சுருண்டு விறைத்துவிடும், குரோம் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கனம் 3 மி.மீ. இருந்தால் நல்லது. 2 மி.மீ.க்குக் கீழே போனால் ஆழமான அச்சு பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்.

எதில் செய்யலாம்

ஆறங்குல இரும்பு ஆணி சுமார் 5 முதல் 6 மி.மீ. தடிமன் இருக்கும். மென்மையான இரும்பு, அரத்துக்கு நன்றாக மசியும். சின்னப் பின்னணி அச்சுகளுக்கும், பூ நடுவில் விதைபோல் புள்ளி பதிக்கும் விதை அச்சுக்கும் இது போதும். கூர்முனையை வெட்டிவிட்டு அந்தப் பக்கத்தைத் தோலில் படும் முகமாக்குங்கள். மொத்த நீளம் 110 மி.மீ. அளவில் இருக்கட்டும். குட்டையானால் விரலே முகத்தை மறைக்கும், நீண்டுபோனால் அடிக்கும்போது சாயும். ஆணித்தலையையும் வெட்டி, அந்த விளிம்பைச் சுற்றிலும் சரிவாக அராவிவிடுங்கள். இல்லையென்றால் அடி வாங்கி வாங்கி விரிந்து, ஒரு நாள் கையைக் கிழிக்கும்.

பெரிய முகம் வேண்டுமென்றால் அறுகோணத் தலை போல்ட். எம் 6 போல்ட்டின் தலை 10 மி.மீ. அகலம், எம் 8 என்றால் 13 மி.மீ. 100 மி.மீ. நீள எம் 8 போல்ட் கைக்கு அடக்கமானது. தலைமேல் எழும்பியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 4.6ம் 8.8ம் அரத்துக்கு மசியும், தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டில் காணப்படும் 12.9 அரத்தைத்தான் தேய்க்கும். மரையுள்ள முனையில் ஒரு டோம் நட் (ஒரு பக்கம் குமிழாக மூடிய நட்) மாட்டிவிட்டால் அடி அதன்மேல் விழும், விரிந்துபோனால் நட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்களைக் கேட்டால் முதல் அச்சைப் பித்தளையில் செய்யச் சொல்வோம். 8 அல்லது 10 மி.மீ. பித்தளைக் கம்பியை எடை போட்டு விற்கிறார்கள், அடிக்கணக்கிலும் வெட்டித் தருவார்கள். அராவ இதம், துரு கிடையாது, ஈரத்தோலில் கறுப்புக் கறை விழாது. ஒன்றைக் கவனியுங்கள்: பித்தளைக்குப் புது அரம் வேண்டும். இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்திவிட்டு, கூர் குறைந்த பிறகு இரும்புக்கு ஒதுக்குங்கள். எளிதில் அராவக்கூடிய பித்தளையில் கொஞ்சம் ஈயமும் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், அரத்தூளை வாயால் ஊதாதீர்கள்.

ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் கறை விடாது. ஆனால் லேசாக உரச உரச மேற்பரப்பு இறுகிவிடும். அரத்தை அழுத்திப் பிடித்து நிதானமாக ஓட்ட வேண்டும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலுமினியம் வடிவத்தைச் சோதித்துப் பார்க்க மட்டும் சரி. துத்தநாகம் பூசிய ஆணி, போல்ட் எதையும் நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கறுப்புக் கறை

இரும்பு அச்சு செய்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. வெஜ் டேன் தோலில் டானின் இருக்கிறது. ஈரத்தில் இரும்பு அதைத் தொட்டால் நீலம் கலந்த கறுப்பு உண்டாகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்புக் கோடு விழுவதும் இதே ரசாயனம்தான். கடையில் வாங்கிய போல்ட்டின் மேல்பூச்சை நீங்கள் அராவி எடுத்துவிட்டதால் முகத்தில் இருப்பது வெற்று இரும்பு.

பளபளப்பாக்கிய சுத்தமான இரும்பு, அடித்தவுடன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் கறை விடாது. குற்றவாளிகள் இரண்டு பேர்: துரு, அரத்தூள். கண்ணுக்கே தெரியாத தூள் ஒன்று ஈரத்தோலில் உட்கார்ந்தால் மறுநாள் காலையில் கரும்புள்ளியாக நிற்கும். அதனால் அராவும் மேசையும் தோல் மேசையும் ஒன்றாக இருக்கக் கூடாது. அராவி முடித்த அச்சைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, உடனே துடைத்து, கார் மெழுகோ தேன்மெழுகோ மிக மெல்லிசாகப் பூசித் துணியால் அழுத்தித் துடையுங்கள். நகப்பூச்சு பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நுண்ணிய கோடுகளை அடைத்துவிட்டு, நாலு அடியில் உரிந்தும் போகும்.

கறை விழுந்துவிட்டால் முதலில் எலுமிச்சைச் சாற்றில் சரிபாதி தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றுங்கள். போகாவிட்டால் கால் லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆக்சாலிக் அமிலம். கறை மறைந்ததும் நல்ல தண்ணீரால் அந்த இடத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம் விஷம்: கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

கைக்கு வேண்டியவை

10 அல்லது 12 துண்டுள்ள நீடில் ஃபைல் செட் ஒன்று. அதில் கத்தி அரம், முக்கோண அரம், எலிவால் அரம் மூன்றும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். ஆறங்குலப் பட்டை அரம், ஆக்சா பிளேடு, மூன்றங்குல வைஸ், 220, 400, 800, 1500 எண் வாட்டர் பேப்பர், அதை விரிக்க ஒரு கண்ணாடித் துண்டு, சென்டர் பஞ்ச், டிவைடர், 10 மடங்கு காட்டும் லூப். சுழலும் கைக்கருவி இருந்தால் வேகம் கூடும், இல்லாவிட்டால் குறையில்லை. அதில் வெட்டுச் சக்கரம் மாட்டினால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். அந்தச் சக்கரம் கொஞ்சம் கோணினாலும் உடைந்து தெறிக்கும்.

அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் பல் மழுங்கும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் பல்லிடுக்கில் அடைக்காது. வைஸ் வாயில் அலுமினியத் தகடு மடித்து வைத்தால் கம்பியில் பல் பதியாது.

முகத்தை நேராக்குவது

முகம் தண்டுக்குச் செங்குத்தாக இல்லையென்றால், பிற்பாடு என்ன செதுக்கினாலும் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். கைப்பிடியில் இதைச் சரியாகச் செய்ய முடியாது. 50 மி.மீ. உயரமுள்ள கெட்டி மரக்கட்டையில், தண்டைவிட மயிரிழை மட்டும் பெரிதாக, செங்குத்தாக ஓட்டை போடுங்கள். நிற்கும் டிரில் இயந்திரம் உள்ள பட்டறையில் இரண்டு நிமிட வேலை. கண்ணாடிமேல் 220 தாளை விரித்து, கட்டையை அதன்மேல் வைத்து, ஓட்டைக்குள் அச்சை இறக்கி, கட்டையோடு சேர்த்து எட்டு போடுவதுபோல் தேயுங்கள். போல்ட் என்றால் தலை கீழே இருக்கும்படி கட்டையின் அடியிலிருந்து அதை நுழைக்க வேண்டும், தலை நுழையக் கட்டையின் அடியில் கொஞ்சம் குடைந்துகொள்ள வேண்டும். முகம் முழுக்க மார்க்கர் பூசிவிட்டுத் தேய்த்தால் மை எங்கே மிச்சமிருக்கிறதோ அது பள்ளம். மை முழுக்கப் போனதும் 400க்கு மாறுங்கள்.

பின்னணி அச்சு

பூவைச் சுற்றியுள்ள தரையை அமுக்கி இறக்க, சதுரப் புள்ளிகள் நிறைந்த அச்சு. முதல் அச்சாகச் செய்ய இதுவே நல்லது. இதில் சிரமம் ஒன்றுதான், கோடுகளின் இடைவெளி சமமாக வர வேண்டும். கண் அளவில் கத்தி அரத்தால் போட்டால் மூன்றாவது கோட்டிலேயே சாய ஆரம்பிக்கும்.

இதற்கு ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்சா பிளேடில் இரண்டு துண்டு வெட்டி, பக்கவாட்டில் பிதுங்கும் பற்களை எமரிக் கல்லில் தேய்த்துச் சமமாக்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, பற்கள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி சேர்த்துக் கட்டுங்கள். பிளேடின் தடிமன் சுமார் 0.65 மி.மீ., கார்டு சுமார் 0.3 மி.மீ., ஆக இடைவெளி 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். முதல் கோட்டை மட்டும் ஸ்கேல் வைத்து நேராகப் போடுங்கள். அடுத்த தடவை ஒரு பிளேடு பழைய கோட்டில் ஓட, மற்றது புதுக் கோட்டைத் தானே வெட்டிக்கொள்ளும். இப்படியே முகம் முழுக்கப் போய், பிறகு 90 பாகை திருப்பி மறுபடியும். கடைசியில் முக்கோண அரத்தால் ஒவ்வொரு கோட்டையும் 'வி' வடிவமாக்கினால் புள்ளிகள் குட்டிக் கூம்புகளாக நிற்கும். ஆழம் அரை மி.மீ. தாண்ட வேண்டாம்.

கூம்பின் நுனியை அப்படியே விட்டால் தோலின் மேல்தோல் பொத்துப்போகும். 800 தாளில் கட்டையோடு இரண்டே தேய் தேயுங்கள், லூப்பில் பார்த்தால் எல்லா நுனியிலும் சின்னப் பளபளப்பு தெரிய வேண்டும். ஒன்றிரண்டில் தெரியாவிட்டால் அவை தாழ்ந்திருக்கின்றன, அடியிலும் அந்த இடம் வழுக்கையாகத்தான் விழும். வெளிவடிவம் வட்டமாக ஒன்று, ஒரு முனை கூம்பிய துளி வடிவில் ஒன்று என இரண்டு செய்துகொள்ளுங்கள். இதழிடுக்கில் நுழையத் துளி வடிவம்தான் உதவும்.

சரிவு அச்சு

வளைகோடு கீற அலகு திரும்பும் சுழல் கத்தியால் தோலில் கீறிய கோட்டின் ஒரு பக்கத்தை அமுக்கிச் சரிவாக்கி, வடிவத்தை எழும்பிக் காட்டும் அச்சு இது. 6 மி.மீ. தண்டின் முகத்தைச் சுமார் 25 பாகை சாய்த்து அராவினால் அடிப்படை வடிவம் வந்துவிடும். தாழ்ந்த முனை கோட்டுக்குள் நிற்கும், உயர்ந்த முனை தோலில் படாமல் கரைந்துவிட வேண்டும். உயிர்நாடி இரண்டு பக்க மூலைகளும்தான். அவை கூராக இருந்தால் அச்சை நகர்த்தி நகர்த்தி அடிக்கும்போது படிக்கட்டு படிக்கட்டாகத் தடம் விழும். மூலைகளை முதலில் அரத்தாலும் பிறகு 400, 800 தாளாலும் நன்றாக உருட்டிவிடுங்கள். கோட்டுக்குள் நிற்கும் விளிம்பை மட்டும் கொஞ்சம் கூராக விடலாம், அதையும் 800 தாளில் இரண்டு இழுப்பு இழுத்த பிறகு.

கோபுர பார்டர்

பட்டுப்புடவையின் கோபுரக் கரையை பெல்ட்டில் இறக்க ஒரே ஒரு முக்கோண அச்சு போதும். 8 மி.மீ. சதுரப் பித்தளைக் கம்பியில் அடிப்பக்கம் 6 மி.மீ., உயரம் 5.2 மி.மீ. அளவில் சமபக்க முக்கோணம் கீறுங்கள். கோட்டுக்கு வெளியே உள்ளதையெல்லாம் முகத்திலிருந்து 3 மி.மீ. ஆழம் வரை அராவி எடுக்க வேண்டும். சுவர்கள் செங்குத்தாக வேண்டாம். முகத்திலிருந்து கீழே போகப்போக வெளிப்பக்கம் விரியட்டும், 10 முதல் 15 பாகை. சுவர் நேராகவோ உட்பக்கம் குடைந்தோ இருந்தால் ஈரத்தோல் அச்சைக் கவ்விக்கொண்டு கூடவே எழும்பி வரும். பிறகு அடிப்பக்கத்துக்கு இணையாகக் கத்தி அரத்தால் மூன்று கோடு, 1.3 மி.மீ. இடைவெளியில். கோபுரத்துக்கு நிலைகள் வந்துவிடும்.

தண்டில், அடிப்பக்கம் இருக்கும் திசையில், ஒரு சின்ன வெட்டுக் குறி போட்டுவையுங்கள். அடிக்கும்போது முகம் தெரியாது, விரல் நுனிதான் திசையைச் சொல்ல வேண்டும். பெல்ட்டில் ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி டிவைடரால் கோடிழுத்து, 6 மி.மீ.க்கு ஒரு புள்ளி குத்திக்கொண்டு போங்கள். 1,100 மி.மீ. பெல்ட்டில் 183 கோபுரம் வரும். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. விலகினாலும் கடைசியில் 18 மி.மீ. ஆகிவிடும், அதாவது மூன்று கோபுரம் கூடும் அல்லது குறையும். இரண்டு முனையிலிருந்தும் தொடங்கி, நடுவில் கடைசிப் பத்துக் கோபுரங்களில் வித்தியாசத்தைப் பகிர்ந்து கரைத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாது.

மாங்காய்

இதுவரை சொன்னவற்றில் கோடுகளெல்லாம் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகின்றன. அரத்தால் அவ்வளவுதான் முடியும். நான்கு பக்கமும் அடைபட்ட பள்ளத்தை எந்த அரமும் தோண்டாது. அதற்கு டிரில் பிட், பர் (சுழன்று குடையும் சின்ன முனை), அல்லது குத்து (அடித்துப் பள்ளம் பதிக்கும் கூர்முனை), மூன்றில் ஒன்று வேண்டும். வடிவத்தை வரையும்போதே இதை யோசித்துவிட்டால் பாதி தலைவலி போகும்.

10 மி.மீ. பித்தளைக் கம்பி, 9 மி.மீ. நீளம் 6 மி.மீ. அகலத்தில் மாங்காய். படத்தை லேசர் பிரின்டரில், தோலில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே, திருப்பாமல் அச்சடியுங்கள். முகத்தைத் துடைத்து, தாளின் மைப்பக்கத்தை உலோகத்தில் வைத்து, பின்பக்கம் அசிட்டோன் கலந்த நகப்பூச்சு அகற்றியில் நனைத்த பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். டோனர் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், தானாகவே இடவலம் மாறியிருக்கும். எழுத்து அச்சுக்கும் இதே வழி. கையால் வரைந்தால் எழுத்தைத் திருப்பிப் போட மறப்பவர்கள்தான் அதிகம். இன்க்ஜெட் பிரின்ட் இதற்கு ஆகாது.

முதலில் உள்ளே: நடு விதைக்கு சென்டர் பஞ்சால் குறியிட்டு, 2 மி.மீ. பிட்டால் 1 மி.மீ. ஆழம் மட்டும். பிட்டில் ஒரு செல்லோடேப் துண்டைச் சுற்றினால் ஆழம் தப்பாது. தோல் அதற்குமேல் எழும்பாது, ஆகவே அதிகம் தோண்டுவது வீண். விதையைச் சுற்றிய வளைகோட்டுக்கு 0.8 மி.மீ. உருண்டை பர். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் 2.35 மி.மீ. தண்டுள்ள பர், சுழலும் கைக்கருவியில் முனையைக் கவ்வும் சின்னக் காலெட்டில் சரியாக உட்காரும். கைக்கருவி இல்லையென்றால் கான்கிரீட் ஆணி இருக்கிறது. அது கெட்டிப்படுத்திய எஃகு. அதன் நுனியை எமரிக் கல்லில் தேய்த்துச் சின்ன உருண்டையாகவோ பிறையாகவோ ஆக்கி, பித்தளை முகத்தில் வைத்து ஒரு அடி. பள்ளம் தயார். வரிசையாகக் குத்தினால் முத்துச்சரம். ஒவ்வொரு குத்திலும் பள்ளத்தைச் சுற்றி உலோகம் லேசாக மேடு தட்டும், முடிவில் முகத்தை 400 தாளில் மறுபடி சமன் செய்ய வேண்டும்.

உள்வேலை முடிந்த பிறகே வெளிவடிவம், அதுவரை முழு வட்டம் இருப்பதால் வைஸ் நன்றாகப் பிடிக்கும். அதிகப்படியை ஆக்சாவால் கழித்து, மாங்காயின் வயிற்றைப் பட்டை அரத்தை உருட்டி உருட்டி எடுங்கள். கழுத்து வளைவுக்கு எலிவால் அரம். வளைந்த மூக்கு நுனி மெல்லியது. அங்கே சுவரை 15 பாகைக்கும் அதிகமாக விரிய விடுங்கள், இல்லாவிட்டால் அந்த நுனிதான் தோலைக் குத்தும்.

ஒவ்வொரு கட்டத்திலும் தோலில் அடித்துப் பார்க்க வேண்டியதில்லை. மெழுகுவத்திச் சுடரில் முகத்தை ஒரு நொடி காட்டிக் கரி படியவிட்டு வெள்ளைத் தாளில் ஒற்றினால் வடிவம் துல்லியமாகத் தெரியும். கறுப்பாக விழும் இடமெல்லாம் தோலில் பள்ளம், வெள்ளை மேடு. ஆழம் தெரிய வேண்டுமானால் மட்டும் குழந்தைகளின் களிமண்ணில் அழுத்திப் பாருங்கள்.

இனி மெருகு. 400, 800, 1500 என்று முகம். பிறகு 800 தாளைக் கீற்றாகக் கிழித்து, ஷூ துடைப்பதுபோல் விளிம்பின்மேல் சுற்றிலும் இழுங்கள். விளிம்பை விரல் நகத்தின்மேல் வைத்து இழுத்தால் நகம் சீவப்படக் கூடாது, இதுதான் சோதனை. உள்பள்ளங்களுக்கு மூங்கில் குச்சியின் நுனியில் பித்தளை மெருகேற்றும் பிராசோ தொட்டுத் தேயுங்கள். பள்ளத்தில் சொரசொரப்பு மிஞ்சினால் தோல் இழை அங்கே மாட்டிக்கொண்டு, எழும்பிய பகுதி மங்கலாகத் தெரியும்.

அராவாமலே கிடைக்கும் வடிவங்கள்

ஸ்டெய்ன்லெஸ் ஆலன் போல்ட்டின் தலை ஏற்கெனவே ஓர் அச்சுதான். எம் 5 என்றால் 8.5 மி.மீ. வட்டத்துக்குள் 4 மி.மீ. அறுகோணம், எம் 6 என்றால் 10க்குள் 5. நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் போல்ட் பூவாக விழும். விளிம்பை மழுக்கி மெருகேற்றினால் வேலை முடிந்தது. பழைய ரேடியோவின் நீட்டு மடக்கு ஏரியல் கிடைத்தால் விடாதீர்கள். பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளைக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் வெட்டி உள்ளே மரக்குச்சி இறுக்கினால் அளவு வாரியாக வளைய அச்சுகள். பாதி வட்டத்தை அராவி எடுத்துவிட்டால் மீன் செதில். சுவர் மெல்லியது என்பதால் நன்றாக உருட்டாமல் அடித்தால் தோலில் வட்டமாக ஓட்டை விழும்.

வாங்கிய அச்சைத் திருத்துவது

இருபது, முப்பது துண்டாக வரும் மலிவு செட்டைக் கையில் எடுத்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. நெருப்பில் காட்டினால் 380, 390 டிகிரியிலேயே உருகும், சூடாக்கி வளைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அராவினால் முலாம் உரியும், உரிந்த ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். திருத்திய பகுதி முழுக்க முலாமை எடுத்துவிட்டு மெருகேற்றுவதே வழி.

பெரும்பாலான செட்டில் திருத்த வேண்டியவை மூன்று. வார்ப்பு இணைப்பில் நிற்கும் பிசிறை எடுப்பது, சரிவு அச்சின் மூலைகளை உருட்டுவது, கோணிய முகத்தை மரக்கட்டையில் வைத்து நேராக்குவது. கடைசியதில் கோடுகளின் ஆழம் குறையும், கத்தி அரத்தால் மறுபடி ஆழமாக்க வேண்டும். செட்டில் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றைப் பாதியாக அராவிவிடுங்கள். மூலையிலும் வரிசை முடியும் இடத்திலும் அரை அச்சு இல்லாமல் திண்டாடாதவர்கள் இல்லை.

அடிக்கும்போது வரும் தொல்லைகள்

தோலை ஸ்பாஞ்சால் நனைத்து, நிறம் பழையபடி திரும்பத் தொடங்கும்வரை காத்திருங்கள். கன்னத்தில் வைத்தால் குளுமை தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஆடி மாத மழையில் இதற்கு அரை நாள்கூட ஆகும், ஏ.சி. அறையில் வேலைக்கு நடுவிலேயே காய்ந்துவிடும். அச்சைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம், பதிந்தது கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும். அடித்த இடம் கருமையேறாமல் வெளிறித் தெரிந்தால் ஈரம் போதவில்லை.

தடம் இரட்டையாக விழுந்தால் குற்றம் அச்சில் இல்லை, அடியில் இருக்கும் பலகையில். சமையல் மேடை போடும் கடையில் கழித்த கிரானைட் துண்டு கேளுங்கள், இரண்டை ஒட்டி அதன்மேல் தோலை நேரடியாக வையுங்கள். கிரானைட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். அடிக்க மரக் கொட்டாப்புளி அல்லது நைலான் சுத்தியல். இரும்புச் சுத்தியல் துள்ளும், தண்டையும் நசுக்கும்.

பெரிய அச்சு எவ்வளவு அடித்தும் மங்கலாகவே விழுகிறதென்றால் பரப்பளவைப் பாருங்கள். 5 மி.மீ. சதுரத்துக்கு 25 சதுர மி.மீ., 15 மி.மீ. சதுரத்துக்கு 225. ஒன்பது மடங்கு விசை வேண்டும், கை கொடுக்காது. 12 மி.மீ.க்கு மேல் போனால் அடிப்பதை விட்டுவிட்டு அழுத்துங்கள்: இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே தோலும் அச்சும் வைத்து, வைஸிலோ ஆறங்குல ஜி-கிளாம்பிலோ இறுக்கி, பத்து நிமிடம். பெயர்ச்சின்னம் மாதிரியானவற்றைக் கையால் செதுக்கி மாரடிக்காதீர்கள். கிர்காவ் காடில்கர் ரோட்டுக் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில், ஃபாயில் அச்சுக்கு பிளாக் யார் செய்து தருகிறார்கள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும். பித்தளை பிளாக்கே கேளுங்கள், கோடு 0.5 மி.மீ.க்கு மெலிய வேண்டாம். முப்பரிமாண பிரின்டரில் எடுத்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் தகடும் அழுத்துவதற்குத் தாங்கும்: அடித்தகடு 5 மி.மீ., எழுத்து 2 மி.மீ. எழும்பியிருக்கட்டும். அதைச் சுத்தியலால் தொடக்கூடாது.

செய்த ஒவ்வொரு அச்சையும் ஒரு தோல் கீற்றில் வரிசையாகப் பதித்து, பக்கத்தில் எண் போட்டு, அதே எண்ணை மார்க்கரால் தண்டிலும் எழுதிவையுங்கள். இரும்பு அச்சுகளைப் பித்தளையோடு கலக்காமல் தனி டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்தால் மழைக்காலம் முடியும்வரை துரு அண்டாது.